வாசகர் கேள்வி – பதில்: ஊர் நூலகத்தோடு ஓர் அருங்காட்சியகம்

கேள்வி: எங்கள் பேரூராட்சியின் கிளை நூலகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டப் பேச்சு நடக்கிறது. பலர் வீடுகளில் பழைய பொருள்களும் ஏட்டுச் சுவடிகளும் இருப்பதால், அதே கட்டடத்தில் அருங்காட்சியகமும் அமைக்கலாம் என்கிறோம். சரிவருமா? எங்கிருந்து தொடங்குவது?
— வாசகர், காங்கயம் வட்டம்

பதில்: சரிவரும், இது புதிய யோசனையும் அன்று. 1851-இல் தொடங்கப்பட்ட சென்னை அருங்காட்சியகத்துக்குத் துணையாகத் திரட்டப்பட்ட சிறு நூலகமே 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகத்துக்கு வித்து. எழும்பூரில் இரண்டும் இன்றும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அங்கே அருங்காட்சியகம் முந்தியது. உங்கள் ஊரில் நூலகம் முந்துகிறது. சிற்றூருக்கு இந்த வரிசையே நல்லது. செய்தித்தாள் படிக்க நாள்தோறும் ஆள் வருவார்கள். காட்சிப் பொருளை ஒருமுறை பார்த்தவர் மறுபடி அதற்கென்று வரமாட்டார். ஆகவே வாசல் ஒன்றாக இருக்கட்டும்.

தொடக்கம் கட்டடத்தில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது. மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைப்பதைக் கவலை என்பார்கள்; அதில் நீர் மொள்ளும் கலம் சால். ஒருவர் அப்படியொரு கவலைச் சாலைக் கொண்டுவந்து கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'பழைய சால்' என்று எழுதி எண் போட்டால் அது பதிவாகாது. எந்தத் தோட்டத்துக் கிணற்றில் இறைத்தது, சாலின் அடியில் நீர் வடியும் தோல் குழாயான தும்பியைத் தைத்தவர் எந்த ஊர்க்காரர், வடம் எந்தச் சந்தையில் வாங்கியது, மோட்டார் வந்த பிறகு எத்தனை காலம் மாடு பூட்டினார்கள், கொடுப்பவர் அன்பளிப்பாகக் கொடுக்கிறாரா இரவலாகவா என்பதெல்லாம் கையெழுத்தோடு இருக்க வேண்டும். கவலை ஓட்டியவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சைப் பதிவுசெய்து நூலகத்தில் வைத்தால்தான் சாலுக்குப் பொருள் உண்டு. இந்த வேலைக்குக் கூரைகூடத் தேவையில்லை, இப்போதே தொடங்கலாம்.

நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அகழாய்வு செய்து கல்மணித் தொழிலின் தடயங்களையும் எழுத்துப் பொறித்த பானையோடுகளையும் வெளிக்கொணர்ந்தது. அந்த அசல் பொருள்கள் உங்களுக்குக் கிடைக்காது, வேண்டவும் வேண்டாம். அவற்றின் நல்ல படங்களை மாட்டி, பக்கத்திலேயே இவ்வூரைக் கொடுமணம் என்று பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தையும் அகழாய்வு நூல்களையும் எடுத்துப் படிக்கும்படி வையுங்கள். தனி அருங்காட்சியகத்தில் எளிதில் வாய்க்காதது இதுதான்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கலைப் பொருளும், அறிவியல், வரலாறு, இலக்கியம் சார்ந்த மதிப்புடைய 75 ஆண்டு கடந்த சுவடியும் தொல்பொருள்கள்; அவற்றுள் சில வகைகளைப் பதிவு செய்தாக வேண்டும். உழும்போது காசுப் பானை கிடைத்தால் நேரே உங்களிடம் கொண்டுவரக் கூடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது.

கேள்வி: ஊர் எல்லையில், புலியோடு போரிட்ட வீரனுக்கு நட்ட புலிகுத்திக் கல் ஒன்று வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அதைக் கொண்டுவந்து உள்ளே வைக்கலாமா?
— வாசகி, சென்னிமலை

பதில்: கும்பிடுகிற கல்லை நகர்த்த வேண்டாம். அது நிற்கும் எல்லையும் அதன் வரலாற்றில் ஒரு பகுதி. காலைச் சாய்வெயிலில் படம் எடுங்கள். எழுத்து இருந்தால் தொல்லியல் துறையினரைக் கொண்டு, தாளை ஒற்றி மை தடவி எழுத்தைப் பதிக்கும் மைப்படி எடுத்து நூலகத்தில் வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குகிறேன் என்று அமிலம் ஊற்றவோ, அடியில் சிமெண்ட் பூசவோ யாரையும் விடாதீர்கள்.

கேள்வி: கீழே அருங்காட்சியகம், மாடியில் நூலகம் என்று வரைபடம் தந்திருக்கிறார்கள். ஏற்கலாமா?
— வாசகர், பெருந்துறை

பதில்: மாற்றச் சொல்லுங்கள். வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ சுமை கணக்கிட்டால், நூல் அடுக்கும் அறைக்கு 600 கிலோ கணக்கிட வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அடுக்கு உயர உயர இது கூடும். மாடியில் கட்டினால் செலவு ஏறும், முதியவர்களும் படியேற மாட்டார்கள். நூல்களும் காட்சிக்கூடமும் கீழேயே இருக்கட்டும். மாடியைக் கூட்ட அரங்காக்குங்கள். செக்கும் ஆட்டுக்கல்லும் திண்ணையிலேயே இருக்கலாம்.

இரண்டு கூடங்களுக்கும் நடுவே சுவர் வேண்டும். படிப்பவருக்கு வெளிச்சம் தேவை. ஏட்டுக்கும் துணிக்கும் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் ஆகாது. மேற்கு வெயில் விழும் ஜன்னலருகே பழைய பவானி ஜமக்காளத்தை மடித்து வைத்தால், வெயில் பட்ட பக்கம் வெளுத்து, மடிப்பில் இழை அற்றுப்போகும். பருமனான குழாயில் வெள்ளைத் துணி சுற்றி, அதன்மேல் சுருட்டி வையுங்கள்.

கேள்வி: செலவை நூலக வரியிலிருந்தே எடுக்க முடியாதா?
— வாசகர், ஊத்துக்குளி

பதில்: சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா வீதம் வசூலாகும் நூலக வரி, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய் நூலகங்களுக்குச் செலவாகிறது. அருங்காட்சியகப் பகுதியின் செலவைப் பேரூராட்சி தீர்மானம் போட்டுத் தனியே ஏற்க வேண்டும். நம் பக்கத்தில் கட்டடம் கட்டிக்கொடுக்க நன்கொடையாளர்கள் கிடைப்பார்கள், கல்வெட்டில் பெயர் வருமே. தினமும் பூட்டைத் திறந்து தூசு தட்டும் ஆளின் சம்பளத்துக்குத்தான் யாரும் முன்வருவதில்லை. எனவே நன்கொடையில் ஒரு பகுதியை வைப்புநிதியாகப் போட்டு, அதன் வட்டியில் அந்தச் சம்பளத்தைக் கொடுக்க முதல் கூட்டத்திலேயே ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.