பத்துக்குப் பத்து அறையில் ரேஸ் ஓட்டலாமா?

கேள்வி (கிளிநொச்சி): அண்ணா, எங்களுடையது வீட்டுத்திட்ட வீடு. எனக்கும் தம்பிக்கும் ஒரே அறை, பத்துக்குப் பத்து அடி. இரண்டு கட்டிலும் ஒரு அலுமாரியும் போக மிஞ்சியதில்தான் கணினி மேசை. மொனிட்டர் 24 அங்குலம். கணினியில் ரேஸ் ஓட ஸ்டியரிங், பெடல், சீற் எல்லாம் ஒரே சட்டத்தில் பூட்டிய சிம் ரேசிங் ரிக் ஒன்று போடக் கையில் ஒன்றரை லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். யூடியூப்பில் காட்டுகிற அலுமினிய ரிக்குகளைப் பார்த்தால் அறையை விட்டு நான்தான் வெளியே போக வேண்டும் போலிருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்த அலுமினிய ரிக்கை மறந்துவிடுங்கள் தம்பி. அது ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளம், அறுபது சென்டிமீற்றர் அகலம், ஒருமுறை பூட்டினால் பிறகு அதே இடத்தில்தான் நிற்கும், உங்கள் தம்பி அதற்கு மேலால் ஏறித்தான் கட்டிலுக்குப் போக வேண்டி வரும். ஓடாத நேரத்தில் எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற சாமானைத் தேடுங்கள். கட்டிலுக்குக் கீழேயா, கதவுக்குப் பின்னாலா, அலுமாரிக்கு மேலேயா? மீற்றர் நாடாவை எடுத்து அந்த இடத்தை அளந்து எழுதி வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

உங்கள் காசுக்கும் அறைக்கும் லொஜிடெக் ஜி29 மாதிரியான ஒரு ஸ்டியரிங், பெடல் செட் போதும். ஸ்டியரிங் பகுதி 27 சென்டிமீற்றர் உயரம், 26 அகலம், எடை இரண்டேகால் கிலோ. பெடல் செட் 43 சென்டிமீற்றர் அகலம், 31 ஆழம், மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இரண்டும் அலுமாரிக்கு மேல் ஏறிவிடும். மோட்டரிலேயே நேராக ஸ்டியரிங்கைப் பூட்டிய டைரக்ட் டிரைவ்தான் நல்லது என்று நண்பர்கள் சொல்வார்கள், பொய்யில்லை, ஆனால் அந்த வகை மோசா ஆர்5 திருப்புகிற விசை 5.5 நியூட்டன் மீற்றர், ஜி29 கொடுப்பது இரண்டு சொச்சம். அந்த 5.5ஐ ஒரு சாதாரண கணினி மேசையில் பூட்டினால் வளைவுக்கு வளைவு மேசை ஆடும், மேசை ஆடினால் மொனிட்டரும் ஆடும், கடைசியில் கார் எங்கே சறுக்குகிறது என்பதற்குப் பதில் மேசை எங்கே சறுக்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வலுவான ஸ்டாண்ட் இல்லாமல் அதற்குக் காசு கொட்ட வேண்டாம்.

ஜி29இன் இறுக்கிகள் மேசை விளிம்பைப் பிடிக்கும். மேசை பலகையா, அமத்திய தூள் பலகையா என்று பாருங்கள். தூள் பலகை என்றால் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்ந்து உதிரும், மேலும் கீழும் ஒவ்வொரு துண்டு நல்ல பலகை வைத்து இறுக்குங்கள். ஸ்டியரிங்கின் அடியில் எம்6 (6 மில்லிமீற்றர்) திருகாணிக்கான துளைகளும் இருக்கின்றன, ஆணி போட்டுப் பூட்டுவது இன்னும் உறுதி.

இனி ஒருவரும் பேசாத சங்கதி: கதிரையும் பிரேக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் காசு முழுவதையும் ஸ்டியரிங்கில் போட்டுவிட்டு, உருளுகிற ஒஃபீஸ் கதிரையிலோ பிளாஸ்டிக் கதிரையிலோ உட்காருகிறார்கள். பிரேக்கை ஒரு மிதி மிதித்தால் கதிரை பின்னால் போகும், பெடல் முன்னால் போகும். ஒவ்வொரு முறையும் கால் வேறு வேறு தூரத்தில் இருந்து மிதித்தால் பிரேக் ஒரு நாளும் கைக்குள் வராது, அதாவது காலுக்குள். ரேஸில் நேரம் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் பிரேக்கில்தான், ஸ்டியரிங்கில் இல்லை.

இதற்கு மலிவான வழி இருக்கிறது. எட்டுக்கு நாலு அடி பிளைவூட்டில் கால்வாசி, அதாவது நாலுக்கு இரண்டு அடித் துண்டு ஒன்று வாங்குங்கள், 18 மில்லிமீற்றர் தடிப்பு. அதன் ஒரு முனையில் பெடல் செட்டை ஆணி போட்டுப் பூட்டுங்கள். மறு முனையில் மரக்கதிரையின் முன் கால் இரண்டும் பலகை மேல் வருமாறு வைத்து, கால்களுக்குப் பின்னால் ஒரு ரீப்பையைக் குறுக்காக அறைந்துவிடுங்கள். பின் கால்கள் பலகைக்கு வெளியே விழுந்தால் அதே தடிப்பில் துண்டுகள் வைத்து உயரத்தைச் சமப்படுத்த வேண்டும். இப்போது நீங்கள் மிதிக்கிற விசை கதிரைக்குப் போய், கதிரை அந்த ரீப்பையில் முட்டி, திரும்பப் பலகைக்கே வந்து அடங்கிவிடும். உங்கள் பாரமே பலகையை நிலத்தோடு அமத்திப் பிடிக்கும். ஓடி முடிந்ததும் பலகையைத் தூக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளலாம். கறையான் பற்றி வன்னியில் இருப்பவருக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் அடிப்பக்கத்துக்கும் விளிம்புக்கும் இரண்டு பூச்சு பெயின்ட் அடியுங்கள், வெறும் நிலத்தில் மாதக்கணக்கில் கிடக்க விடாதீர்கள்.

மேசையே வேண்டாம், தனி ஸ்டாண்ட் வேண்டும் என்றால் வெளிநாட்டு மடிப்பு ஸ்டாண்டுக்கு ஓடுவதற்கு முன் உங்கள் ஊர் வெல்டிங் கடைக்குப் போய்ப் பாருங்கள். கேற்றும் தண்ணீர்த் தாங்கி ஸ்டாண்டும் ஒட்டுகிறவருக்கு இது பெரிய வேலை இல்லை. ஒன்றரை அங்குலப் பொக்ஸ் பார் போதும். எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒட்டிவிட வேண்டாம் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: ஸ்டியரிங் தட்டின் உயரமும் சரிவும், பெடல் தட்டின் தூரமும் நட்டைத் தளர்த்தி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். உங்கள் உயரத்துக்குச் சரியாக ஒட்டினால் தம்பிக்குச் சரிவராது, அப்புறம் சண்டைதான். கதிரையில் சாய்ந்து கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும், பிடித்து ஓட்டும்போது முழங்கை கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். அளவு அவ்வளவுதான். பழைய வான் சீற் ஒன்று கிடைத்தால் போடலாமா என்றால், இரண்டு பேர் படுக்கிற அறைக்கு வேண்டாம். விறாந்தையில் மூலை இருக்கிறவர்கள் போடலாம், தண்டவாளத்தோடு சேர்த்துக் கழற்றித் தரச் சொன்னால் முன்னும் பின்னும் நகர்த்தும் வசதியும் கூடவே வந்துவிடும்.

மொனிட்டர் சிறிது என்று கவலைப்படுகிறீர்கள் போலிருக்கிறது. தேவையில்லை. 24 அங்குல மொனிட்டரின் அகலம் சுமார் 53 சென்டிமீற்றர். அதைக் கண்ணிலிருந்து 50 சென்டிமீற்றர் தூரத்தில், ஸ்டியரிங்குக்கு நேர் பின்னால் வைத்தால் 56 பாகை அளவு பார்வையை அது நிரப்பும். வரவேற்பறையில் 43 அங்குல ரீவியை ஒன்றரை மீற்றர் தள்ளி வைத்து ஓடுகிறவருக்குக் கிடைப்பது 35 பாகைதான். இந்த ஒரு விடயத்தில் சின்ன அறைக்காரருக்கு வாசி. விளையாட்டுக்குள் பார்வைக் கோணத்தையும் அதற்கேற்ப மாற்றுங்கள், அசெட்டோ கோர்சா என்ற ரேஸ் விளையாட்டு கேட்பது நிலைக்குத்துக் கோணம் என்பதால் நான் சொன்ன தூரத்துக்கு அங்கே 33 போட வேண்டும். முதலில் தொலைநோக்கியால் பார்ப்பது போல இருக்கும், வேகமும் குறைந்தது போலத் தோன்றும். பழகிய பிறகு வளைவின் தூரம் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடும்.

கேள்வி (வவுனியா): முகநூலில் பாவித்த ஜி29 ஒன்று விலைக்குப் போட்டிருக்கிறார்கள். நேரில் போய்ப் பார்க்கலாம் என்கிறார் விற்பவர். எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: மடிகணினியைக் கையோடு கொண்டு போங்கள். அடப்டரையும் யூஎஸ்பியையும் செருகியவுடன் ஸ்டியரிங் தானாகவே ஒரு பக்கம் முழுக்கத் திரும்பி, மறுபக்கம் திரும்பி, நடுவில் வந்து நிற்க வேண்டும். இது நடக்காவிட்டாலோ, நடு தவறி நின்றாலோ அங்கேயே கும்பிட்டுவிட்டு வாருங்கள். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியது என்று அளக்க உள்ளே இருக்கிற சின்ன என்கோடர் சக்கரம் வெடித்தால் இப்படி நடு தப்பும், இந்த வகை ஸ்டியரிங்குகளில் அது தெரிந்த வியாதி.

பிறகு விண்டோஸில் கேம் கொன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு பெடலையும் மெதுவாக, மிக மெதுவாக அமத்துங்கள். கோடு வழுவழுப்பாக ஏற வேண்டும். துள்ளினால் உள்ளே தூசி. நம் ஊர்ப் புழுதிக்கு இது சாதாரணம், கொன்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகும், ஆனால் விற்பவரிடம் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்காமல் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பிரேக் மற்ற இரண்டையும் விட மிகக் கடினமாக இருப்பது பழுதில்லை, உள்ளே ரப்பர் கட்டை இருக்கிறது. ஆட்டினால் கடகட என்று கொஞ்சம் சத்தம் வரும், பல்லுச்சக்கரத்தில் ஓடுகிற சாமான் அப்படித்தான். கியர் குத்தி தனியாக விற்பது, படத்தில் இருந்தாலும் விலைக்குள் சேர்த்தியா என்று கேளுங்கள். ஜி27ஐ ஜி29 மாதிரி என்று சொல்லித் தலையில் கட்டவும் பார்ப்பார்கள். கணினிக்கு அது ஓடும், பிளேஸ்டேஷன் 4க்கோ 5க்கோ ஓடாது.

கேள்வி (புதுக்குடியிருப்பு): மகனுக்குப் பதினாறு வயது. ரேஸ் ஸ்டியரிங் ஒன்று வாங்கித் தந்தால் வாகனம் ஓட்டப் பழகிவிடலாம், லைசென்ஸ் எடுக்கச் சுகம் என்று ஒரே நச்சரிப்பு. உண்மையா? கறண்ட் பில்லும் ஏறுமோ?

பதில்: அம்மா, மகன் கெட்டிக்காரன், பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். மூன்று பெடல், கியர் குத்தியோடு இருக்கிற செட் என்றால் கிளச்சையும் கியரையும் எந்த ஒழுங்கில் போடுவது, கண்ணாடியை எப்போது பார்ப்பது என்பதெல்லாம் ஓரளவு பழகும். யூரோ ட்ரக் சிமுலேட்டர் மாதிரி விளையாட்டு அதற்கு ரேஸை விட நல்லது. ஆனால் உடம்பில் வண்டியின் ஆட்டம் தெரியாது, கிளச் கடிக்கிற இடம் காலுக்கு உறைக்காது, ஏ9இல் குறுக்கே வருகிற மாட்டுக்கு எந்த விளையாட்டும் பயிற்சி தராது. கார் லைசென்ஸுக்குப் பதினெட்டு வயது வேண்டும், அதற்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. விளையாட்டுச் சாமான் என்று நினைத்து வாங்கினால் நல்ல சாமான், படிப்புச் செலவு என்று நினைத்து வாங்க வேண்டாம். ஃபோர்ஸ் ஃபீட்பேக் (உள்ளே இருக்கிற மோட்டர் ஸ்டியரிங்கை இழுத்துக் காட்டுவது) இல்லாத மலிவு ஸ்டியரிங்கை மட்டும் வாங்காதீர்கள், பிஎக்ஸ்என் வி9 போன்றவை அதிரும், ஆனால் சில்லு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கைக்குச் சொல்லாது. கொஞ்ச நாளில் சலித்துப்போய் மூலையில் கிடக்கும்.

கறண்ட் கதை இது. கணினி, மொனிட்டர், ஸ்டியரிங் சேர்த்து 300 வொட் என்று வைத்தால், நாளுக்கு இரண்டு மணித்தியாலம் ஓடினால் மாதம் 18 யூனிட். தனியாகப் பார்த்தால் பெரிதில்லை. ஆனால் நம் நாட்டு வீட்டுக் கட்டணத்தில் 60 யூனிட்டுக்குள் நிற்கிற வீட்டுக்கு ஒரு பட்டியல், 60ஐத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு, கூடிய பட்டியல். நீங்கள் இப்போது 50இல் நிற்கிறீர்கள் என்றால் அந்த 18, பதினெட்டோடு முடியாது, முழுப் பில்லையும் தூக்கிவிடும். பழைய பில்லை எடுத்து யூனிட்டைப் பாருங்கள், பார்த்துவிட்டு மகனுடன் நேரத்தைப் பேசி முடிவு செய்யுங்கள்.

கேள்வி (மாங்குளம்): மாமா கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வருகிறார். லொஜிடெக் ஜி923 ஸ்டியரிங் கொண்டு வரச் சொல்லலாமா? என்னிடம் பிளேஸ்டேஷன் 4 இருக்கிறது.

பதில்: சொல்லலாம், ஆனால் பெட்டியில் பிளேஸ்டேஷன் என்று எழுதியிருக்கிறதா என்று மாமாவைப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஜி923 இரண்டு வகையில் வருகிறது, எக்ஸ்பொக்ஸ் வகை உங்கள் பிளேஸ்டேஷனில் ஓடாது, இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230, அதனால் அடப்டரில் 100–240 என்று அச்சடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் செருகிய நேரத்திலேயே புகைதான். பிளக்கின் தட்டைப் பின்னுக்கு ஒரு மாற்றி இங்கேயே கிடைக்கும். உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டு வாங்குங்கள். மாமா இங்கே நிற்கிற நாட்களிலேயே நன்றாக ஓடிப் பாருங்கள், பழுதென்றால் அவரோடு திருப்பி அனுப்பலாம்.

கேள்வி (மல்லாவி): இணையத்தில் ஒருவரிடம் ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டியரிங் என்று காசு கட்டி எடுத்தேன். வந்தது வெறும் அதிர்கிற சாமான். இப்போது அழைப்பை எடுக்கிறார் இல்லை. காசு போனது போனதுதானா?

பதில்: உடனே விளம்பரத்தின் படம், உரையாடல், காசு கட்டிய பற்றுச்சீட்டு, பார்சல் மேல் ஒட்டியிருந்த விலாசம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள், அவர் பதிவை அழிக்க முன். பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977க்கு அழைத்து விசாரியுங்கள். வாயால் சொல்வதோடு நிற்க வேண்டாம்: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். சொன்னது ஒன்று, தந்தது வேறு என்பதற்கு அந்த விளம்பரப் படம்தான் உங்கள் கையில் இருக்கிற பலம். பில் போடுகிற கடை என்றால் வழி சுலபம், பெயரும் விலாசமும் இல்லாத கணக்கு என்றால் இழுபடும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை பார்சல் வந்து பார்த்த பிறகு காசு கொடுக்கிற ஒழுங்கில் மட்டும் எடுங்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): இடி மின்னலுக்கு யூபிஎஸ் போட்டால் போதுமா?

பதில்: போதாது. யூபிஎஸ் கறண்ட் போகிற நேரத்துக்குத்தான், 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டதே, அந்த மாதிரி நேரத்தில் கணினியை ஒழுங்காக நிறுத்த உதவும். (நம் வீட்டு ஓட்டைக் கழற்றுகிற குரங்கு எவ்வளவோ மேல்.) இடி என்றால் பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டரின் வயரையும் சேர்த்து. ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் வானம் கறுக்கத் தொடங்கும்போதே கழற்றிவிட வேண்டும், முதல் இடி கேட்ட பிறகு ஒரு சுற்று முடித்துவிட்டு என்று இருக்காதீர்கள்.