தாடை மூட்டில் வலி, வாயைத் திறந்தால் 'டக்' என்று சத்தம். என்ன செய்யலாம்?

சத்தம் மட்டும்தான், வலி இல்லை, வாயும் நன்றாகத் திறக்கிறது என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள், ஒரு எலும்பு அசையும். அதற்கும் மண்டையோட்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய வட்டு முன்னால் நழுவிப்போய், வாய் திறக்கும்போது மறுபடி இடத்துக்கு வருகிற சத்தம்தான் அது. எனக்கு வலி போய்விட்டது, சத்தம் போகவில்லை, கொட்டாவி விட்டால் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

வலிதான் கவனிக்க வேண்டியது. எனக்கு அது காதுவலி மாதிரி வந்தது, காது டாக்டர் பார்த்துவிட்டு பல் டாக்டரிடம் அனுப்பினார். அவர் கன்னத்தில், கடைவாய்க்கு நேராகக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார் பாருங்கள், உயிரே போய்விட்டது. மூட்டைவிடத் தசைதான் வலிக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டே வேலை பார்ப்பீர்களா என்றார். ஆமாம். சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம், ஆனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாதாம், நாக்கு மேலண்ணத்தில் லேசாகப் படிந்திருக்க வேண்டுமாம். மானிட்டர் ஓரத்தில் 'பல்' என்று எழுதி ஒட்டிவைத்தேன், அதிகம் உதவியது அதுதான்.

அப்புறம் முறுக்கு, சீடை, கரும்பு, சூயிங்கம் எல்லாம் கட். குழைந்த சாதம், இட்லி, வெந்நீர் ஒத்தடம், கொட்டாவி வந்தால் முகவாய்க்கு அடியில் கை. இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையைச் சில நாள் போடலாம், வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். தூக்கத்தில் பல்லை நறநறப்பவர்களுக்கு அளவெடுத்து நைட் கார்டு (தூங்கும்போது பல்மேல் மாட்டும் உறை) செய்து தருவார்கள், பல் தேயாமல் காக்கும், வலி எல்லோருக்கும் குறையும் என்று சொல்ல முடியாது.

பல்லை ராவி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்துவதைச் சரிசெய்கிறேன், கம்பி போட்டால் சத்தம் நின்றுவிடும் என்று யாராவது ஆரம்பித்தால் உடனே தலையாட்டாதீர்கள், இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். ராவின பல் திரும்ப வளராது, பெரும்பாலானவர்களுக்கு மேலே சொன்ன எளிய வழிகளிலேயே வலி அடங்கிவிடுகிறது.

மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நுழைக்கிற அளவுக்கு வாய் திறக்காமல் திடீரெனப் பூட்டிக்கொண்டாலோ, வீக்கம், காய்ச்சல் இருந்தாலோ தள்ளிப்போடாமல் போங்கள். 50 வயதுக்கு மேல், மெல்லும்போது தாடை வலியோடு புதிதாக நெற்றிப்பொட்டு வலி, பார்வை மங்கல் என்றால் அன்றைக்கே. மாடி ஏறினால் தாடை வலிக்கிறது, நெஞ்சும் இறுக்குகிறது என்றால் அது இதயமாக இருக்கலாம், நேராக அவசர சிகிச்சைக்கு.