கேள்வி-பதில்: ஃபிரைஸ் நிமிர்ந்து நிற்கிறதா?

கேள்வி: மாதம் ஒருமுறை பிள்ளைகளுடன் ஒரு பர்கர் கடைக்குப் போகிறோம். ஒருநாள் பிரெஞ்சு ஃபிரைஸ் மொறுமொறுவென்று இருக்கிறது. இன்னொரு நாள் தொய்ந்துபோய் எண்ணெய் கசிகிறது. விலை மட்டும் மாறுவதில்லை. நல்ல ஃபிரைஸை எப்படி அடையாளம் காண்பது? திருப்பிக் கொடுப்பது தவறா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: தவறே இல்லை. டிபன் கடையில் சட்னி ஊசியிருந்தால் ஒரு வாய் வைத்ததுமே சொல்லிவிடுகிறோம். அந்தச் சட்னிக்குத் தனியாகக் காசுகூட வாங்குவதில்லை. காசு கொடுத்து வாங்கும் ஃபிரைஸ் தொய்ந்திருந்தால் மட்டும், ‘இது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது’ என்று தின்றுவிட்டு வருகிறோம். சட்னியைச் சோதிக்கும் அதே நாக்கை இங்கேயும் பயன்படுத்துங்கள்.

தட்டு வந்ததும் கெச்சப்பைத் தொடாமல், ஒரு துண்டின் நுனியைப் பிடித்துப் படுக்கைவாட்டில் நீட்டிப் பாருங்கள். நேராக நின்றால் இப்போதுதான் பொரித்திருக்கிறார்கள். தலை தொங்கினால் ஏதோ பிழை நடந்திருக்கிறது. அடுத்து இரண்டாகப் பிட்டுப் பாருங்கள். மேலே மெல்லிய ஓடும் உள்ளே மசித்த கிழங்கு போன்ற வெண்மையும் ஆவியும் இருக்க வேண்டும். உள்ளே வெறும் கூடாக இருந்தால் அளவுக்கு மீறிப் பொரித்திருக்கிறார்கள்.

ஒரே கடையில் நாளுக்கு ஒரு விதமாக வருவதற்குப் பெரும்பாலும் கூட்டமே காரணம். எண்ணெய் ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும்போது கிழங்கைப் போட்டால், அதிலுள்ள நீர் ஆவியாகி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். எண்ணெயால் எளிதில் உள்ளே போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை மாலை அவசரத்தில் கூடை நிறைய உறைந்த கிழங்கைக் கொட்டினால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கிவிடும். ஓடு பிடிக்காமல் கிழங்கு எண்ணெயில் ஊறும். தொய்வுக்கு இன்னொரு காரணம், பொரித்து வைத்துவிட்டுப் பரிமாறத் தாமதிப்பது. உள்ளிருக்கும் ஈரம் மெல்ல மெல்ல ஓட்டுக்கு வந்து அதை நனைத்துவிடும். அழகுக்காக உயரமான எவர்சில்வர் டம்ளரில் செருகிக் கொடுக்கிறார்களே, அதில் அடியில் இருப்பவை தம் ஆவியிலேயே வெந்து குழைகின்றன. எனக்கு அந்த டம்ளர் பிடிப்பதே இல்லை. தட்டில் பரப்பித் தரச் சொல்லுங்கள். பார்சல் வாங்கினால் மூடியைத் திறந்தே வைக்கச் சொல்லுங்கள்.

திருப்புவதென்றால் இரண்டு மூன்று துண்டுகளுக்குள் சொல்லிவிடுங்கள். “இது ஆறிப்போயிருக்கிறது, புதிதாகப் பொரித்துத் தாருங்கள்” என்றால் போதும். பாதியைத் தின்ற பிறகு சொன்னால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பேச்சு எடுபடாது.

கேள்வி: ஃபிரைஸ் கருத்து வந்தால் பழைய எண்ணெய் என்று பொருளா? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: நிறத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. உருளைக்கிழங்கைக் கடுங்குளிரில் சேமித்தால் அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறும். அந்தக் கிழங்கு புது எண்ணெயிலும் சீக்கிரம் கருக்கும். ஒரு நுனி மட்டும் கருத்திருந்தால் அது பெரும்பாலும் கிழங்கின் குறை. ஆனால் எந்தக் காரணத்தால் வந்தாலும் கருகியதைத் தள்ளிவைப்பதே நல்லது. மாவுச்சத்து நிறைந்த பண்டங்களை அதிகச் சூட்டில் பொரிக்கும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உருவாவதை 2002-இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கருக்கக் கருக்க அது கூடும். பொன்னிறம் போதும்.

எண்ணெயைக் காட்டிக்கொடுப்பது வாடைதான். பெரி பெரி மசாலாவோ சீஸோ இல்லாமல் ஒரு துண்டை வெறுமனே மென்று பாருங்கள். சிக்கு வாடை அடித்தாலும், விழுங்கிய பின் தொண்டை காறினாலும், உதட்டில் பிசுபிசுப்பு ஒட்டினாலும் எண்ணெய் தேய்ந்துவிட்டது. வாசலில் நின்றாலே கண் எரியும் கடைகளும் இருக்கின்றன. அங்கே உட்காரவே வேண்டாம்.

இதற்குச் சட்டமே உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருட்களின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரு நாளில் 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் கடைகள் எண்ணெய்க்குக் கணக்கு எழுதி வைக்க வேண்டும். எண்ணெயை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள் என்று நீங்கள் கேட்டால் அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

சைவ உணவுக்காரர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். மெனுவில் பச்சைப் புள்ளி இருக்கிறது என்பதற்காக எண்ணெயும் தனியாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கோழி பொரித்த எண்ணெயிலேயே ஃபிரைஸையும் பொரிக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். ஒரு சிற்றுணவகத்தில் நான் கேட்ட பிறகுதான் பரிமாறியவர் உள்ளே போய் விசாரித்து வந்து, “ஒரே எண்ணெய்தான்” என்றார். அதற்கு முன் பல முறை அங்கே சாப்பிட்டிருக்கிறேன். அன்று வந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

கேள்வி: பாக்கெட்டில் வரும் உறைந்த கிழங்கைப் பொரித்து இந்த விலைக்கு விற்பது ஏமாற்று இல்லையா?

பதில்: உறைந்த கிழங்கைக் குறையாக நினைக்காதீர்கள். ஃபிரைஸுக்கு நீர் குறைந்த, மாவு மிகுந்த கிழங்கு வேண்டும். குழம்புக்கு வாங்கும் கிழங்கு பெரும்பாலும் அதற்குச் சரிப்படாது. சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் இதற்காகவே குஃப்ரி ஃபிரைசோனா என்ற ரகத்தை உருவாக்கியது. குஜராத்தின் பனாஸ்காந்தா, மேசாணா பக்கத்தில் இப்படிப்பட்ட கிழங்கைப் பயிரிட்டு, ஆலையில் நறுக்கி, வெந்நீரில் வாட்டி, அரைப் பொரிப்பாகப் பொரித்து உறைய வைக்கிறார்கள். கடையில் நடப்பது இரண்டாம் பொரிப்பு. அதைச் சரியாகச் செய்தாலே நல்ல ஃபிரைஸ் கிடைக்கும். ‘எங்கள் கடையிலேயே நறுக்கியது’ என்று எழுதிவைத்து, பாக்கெட் கிழங்கைப் பொரித்துத் தந்தால் அதுதான் ஏமாற்று. கடையில் நறுக்கியது என்றால் நீளமும் தடிமனும் கொஞ்சமாவது முன்பின் இருக்கும், ஓரங்களில் தோலும் தென்படலாம்.

கேள்வி: கூட வரும் மயோனைஸ், கோல்ஸ்லா, ஆனியன் ரிங்ஸ் இவற்றில் எதைக் கவனிப்பது?

பதில்: முதலில் மயோனைஸ். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. சால்மோனெல்லா போன்ற கிருமிகளால் உணவு நஞ்சாகும் என்பதே காரணம். தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பச்சை முட்டை மயோனைஸைப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள். முட்டை சேர்த்ததா, கடையில் அடித்ததா, பாக்கெட்டா என்று கேளுங்கள். மேசையில் வெயில்படக் கிடக்கும் பிழிகுப்பியைத் தொட வேண்டாம்.

கோல்ஸ்லாவின் அடியில் நீர் தேங்கி, முட்டைக்கோஸ் துவண்டிருந்தால் கலந்து வெகுநேரம் ஆகிவிட்டது. ஆனியன் ரிங்ஸைக் கடித்தால் வெங்காய வளையம் முழுதாக உருவிக்கொண்டு வர வேண்டும். கூழாக இருந்தால் அரிந்த வெங்காயத்தை மாவோடு பிசைந்து வளையமாக அச்சிட்டது. அதுவும் உண்ணத்தக்கதுதான், ஆனால் அந்த விலைக்கு எனக்கு மனம் வராது.

கேள்வி: பில்லில் சேவைக் கட்டணம் போட்டிருந்தார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா? (ஒரு வாசகர், சென்னை)

பதில்: வேண்டாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்படி உணவகங்கள் அதைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. ஜிஎஸ்டி வேறு, அதைக் கொடுக்கத்தான் வேண்டும். சேவைக் கட்டணத்தை நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். கடையின் 14 இலக்க உணவு உரிம எண் அதில் அச்சாகியிருக்க வேண்டும். புகார் செய்யும்போது அதைக் குறிப்பிடுங்கள்.