ஹார்மோன் பேக்கேஜ்: காசு கட்டுமுன் கேட்க வேண்டியவை

வயதோடு குறையும் ஹார்மோன்கள் பற்றியும், அதைச் சரிசெய்வதாகச் சொல்லி விற்கும் மாத்திரை, கிரீம், காபி பற்றியும் வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த வாரம் பதில்.

கேள்வி: எனக்கு 52 வயது, சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறேன். ஒரு வருடமாக மாலையானால் ஒரே சோர்வு. தாம்பத்திய ஆசையும் குறைந்துவிட்டது. வேலை முடிந்து ஒரு வெல்னஸ் நிலையத்தில் இரத்தம் கொடுத்தேன். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவு என்று சொல்லி, ஆறு மாத பூஸ்டர் பேக்கேஜ் 2,400 வெள்ளி, இன்றே கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். உங்கள் கையில் இருப்பது தப்பான நேரத்தில் எடுத்த ஒரே ஒரு எண். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து, பொழுது போகப் போக இறங்கும். சாப்பிட்ட பிறகும் இறங்கும், உடம்பு சரியில்லாத நாள்களிலும் இறங்கும். அதனால் மருத்துவர்கள் காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கிறார்கள். குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையில் மறுபடியும் எடுத்துப் பார்த்த பிறகுதான் முடிவு சொல்கிறார்கள். மாலை நேர ரிப்போர்ட் ஒன்றைக் காட்டி ஆறு மாதத்துக்குப் பணம் கேட்பவரிடம் எதையுமே வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

வயதோடு குறைவது உண்மைதான். 30, 40 வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 விழுக்காடு குறைகிறது. ஆனால் இவ்வளவு மெதுவாகக் குறைவது ஒரே வருடத்தில் ஆளைச் சாய்த்துவிடாது. தொப்பை, நீரிழிவு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, சில ஸ்டீராய்டு மருந்துகள், கடுமையான வலிநிவாரணிகள் எல்லாம் டெஸ்டோஸ்டிரோனைக் கீழே இழுப்பவை. எடை குறைந்தாலே பலருக்கு அது மருந்தில்லாமல் ஏறுகிறது. சோர்வுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம்: தைராய்டு, இரத்தசோகை, சர்க்கரை, மனச்சோர்வு. சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு சீனர்களைவிட அதிகம் என்பதால் சர்க்கரையை முதலில் பாருங்கள். ஆசை குறைந்ததையும் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். விறைப்புக் குறைவும் சேர்ந்திருந்தால் அது இதய இரத்தக்குழாய் நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். அதை பூஸ்டர் விற்பவர் பார்க்கமாட்டார்.

அரசின் ஹெல்தியர் எஸ்ஜி என்ற சுகாதாரத் திட்டத்தில் 40 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு கிளினிக்கில் பதிந்துகொள்ளலாம். அங்கிருந்தோ பலதுறை மருந்தகத்திலிருந்தோ தொடங்குங்கள். சிறப்பு மருத்துவர் தேவைப்பட்டால், பலதுறை மருந்தகத்திலிருந்து கடிதத்தோடு போகும்போது மானியக் கட்டணம் கிடைக்கும். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் இரத்தம் எடுக்குமுன் சொல்லிவிடுங்கள். சில பரிசோதனைகளில் ஹார்மோன், தைராய்டு முடிவுகளை அது மாற்றிக்காட்டும்.

அப்புறம், பேக்கேஜில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். உள்ளே டெஸ்டோஸ்டிரோன் இருந்தால் அது மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. துத்தநாகம், வெந்தயச் சாறு, அஸ்வகந்தா என்றால், அது உடம்பில் இல்லாத ஹார்மோனை ஈடுகட்டப் போவதில்லை. ‘சுகாதார அறிவியல் ஆணையம் அங்கீகரித்தது’ என்று சொன்னால் நம்பாதீர்கள். இங்கே துணை உணவுப் பொருள்களை விற்க ஆணையத்தின் முன்னனுமதியே தேவையில்லை, அதனால் அப்படியொரு அங்கீகாரம் இருக்க வழியில்லை.

உண்மையாகவே குறைபாடு உறுதியானால் ஜெல்லும் ஊசியும் பலன் தரும். ஆனால் கண்காணிப்பு வேண்டும். குறைபாடும் இதய நோய் அபாயமும் உள்ள 5,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2023ல் வெளிவந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத ஜெல் பூசியவர்களைவிட அதிகமாகவில்லை. ஆனால் சீரற்ற இதயத்துடிப்பும் நுரையீரல் இரத்தக்கட்டியும் அதிகமாகத் தெரிந்தன. இரத்தம் கெட்டியாகிறதா என்றும் அவ்வப்போது பார்க்க வேண்டும். இன்னும் பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் ஆண்கள் இதைத் தொடவே கூடாது, விந்தணு உற்பத்தியை அது அடக்கிவிடும். ஜெல் பூசிய தோள் பேரப்பிள்ளைமேல் பட்டால் குழந்தைக்கும் மருந்து ஏறும்.

கேள்வி: எனக்கு 50. மாதவிடாய் நின்று ஒரு வருடமாகிறது. திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது, ராத்திரி வேர்த்து எழுந்துவிடுகிறேன். ஹார்மோன் எடுத்தால் புற்றுநோய் வரும் என்று அக்கா பயமுறுத்துகிறார். இணையத்தில் காட்டுவள்ளிக்கிழங்கு கிரீம் இயற்கையானது என்கிறார்கள், ஒரு டப்பா 89 வெள்ளி.

பதில்: அந்த 89 வெள்ளியை மிச்சப்படுத்துங்கள். அந்தக் கிழங்கில் உள்ள டயோஸ்ஜெனின் என்ற பொருளிலிருந்து ஆய்வுக்கூடத்தில் புரொஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனைச் செய்யலாம். நம் உடம்பால் அதைச் செய்ய முடியாது, எவ்வளவு பூசினாலும் சரி.

அக்காவின் பயம் 2002ல் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய அமெரிக்க ஆய்விலிருந்து வருகிறது. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும், புரொஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் புரொஜெஸ்டினும் சேர்த்து எடுத்தவர்களில், ஆண்டுக்கு 10,000 பெண்களுக்கு 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது. இது உண்மையான ஆபத்துதான், ஆனால் நாம் பயந்த அளவு பெரியதல்ல. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்து ஆண்டுக்குள் தொடங்கும் பெரும்பாலானவர்களுக்கு நன்மையே அதிகம் என்பது இன்றைய மருத்துவக் கருத்து. உடல்கொதிப்புக்கு இதைவிட நன்றாக வேலை செய்யும் மருந்து இல்லை. ராத்திரிகளை இப்படிக் கழிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, கிளினிக்கில் தைரியமாகக் கேளுங்கள்.

கருப்பை இருக்கிறதா என்பதை அவசியம் சொல்லுங்கள். இருந்தால் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுக்கக் கூடாது, கருப்பை உட்சுவரைக் காக்க புரொஜெஸ்டிரோன் வகை மருந்தும் வேண்டும். தோலில் ஒட்டும் பட்டையிலும் ஜெல்லிலும் இரத்தக்கட்டி ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக்கட்டி வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் இது பொதுவாகக் கூடாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகள் இருக்கின்றன.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த மகன் டிஎச்இஏ மாத்திரை கொண்டுவந்தான். இளமை திரும்பும் என்கிறான். எனக்கு 71.

பதில்: டிஎச்இஏ, சிறுநீரகத்தின் மேலுள்ள நம் அட்ரினல் சுரப்பியில் உருவாகும் ஹார்மோன். இருபதுகளில் உச்சம், உங்கள் வயதில் அதில் சிறு பங்குதான் மிஞ்சும். 1994ல் வந்த சட்டப்படி அமெரிக்காவில் அதைத் துணை உணவாகக் கடையில் விற்கிறார்கள். முதியவர்களுக்கு இரண்டு ஆண்டு கொடுத்துப் பார்த்து 2006ல் வெளியான ஆய்வில் உடல் வலிமையோ வாழ்க்கைத் தரமோ குறிப்பிடும்படி மேம்படவில்லை. மகன் அன்போடு கொண்டுவந்தது, அதை மதியுங்கள். ஆனால் சாப்பிட வேண்டாம்.

கேள்வி: ஜொகூரில் வாங்கிய டொங்காட் அலி என்ற மூலிகை கலந்த காபி குடித்தால் உடனே ‘வேலை செய்கிறது’. இதய மருந்தும் சாப்பிடுகிறேன். பரவாயில்லையா?

பதில்: உடனே வேலை செய்கிறதென்றால் அதுதான் எனக்குக் கவலை. மூலிகை அரை மணி நேரத்தில் அப்படிச் செய்யாது. இப்படிப்பட்ட காபிகளிலும் கேப்சூல்களிலும் விறைப்புக் குறைவுக்கான மருந்துகளான சில்டெனாஃபில், டடாலாஃபில் கலந்திருந்ததை ஆணையம் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை எடுப்பவருக்கு இவை சேர்ந்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். 2008ல் நம் ஊரில் நடந்ததையும் மறக்க வேண்டாம். ஆண்மை மருந்து என்று விற்றவற்றில் நீரிழிவு மருந்தான கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. நீரிழிவே இல்லாத நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சர்க்கரை சரிந்து மருத்துவமனைக்குப் போனார்கள், சிலர் இறந்தார்கள். இன்றே நிறுத்துங்கள். பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் அடுத்த முறை மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.

கேள்வி: நான் ஏற்கெனவே பேக்கேஜுக்குப் பணம் கட்டிவிட்டேன். திரும்பக் கிடைக்குமா?

பதில்: எப்போது கட்டினீர்கள் என்பதை முதலில் பாருங்கள். பயனீட்டாளர் சங்கம் கொடுக்கும் கேஸ்டிரஸ்ட் நம்பக முத்திரை பெற்ற ஸ்பா, வெல்னஸ் நிலையமாக இருந்தால், பயன்படுத்தாத பகுதிக்கு, ஒப்பந்தம் செய்த 5 வேலை நாள்களுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முத்திரை இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் விளம்பரத்தையும் படமெடுத்து வையுங்கள், ரசீதும் பரிசோதனை அறிக்கையும் பத்திரம். இல்லாத பலனைச் சொல்லி விற்பது நியாய வர்த்தகச் சட்டத்தின்படி முறையற்ற செயல். முதலில் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போங்கள், அவர்கள் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே 20,000 வெள்ளி வரை கோரலாம், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வரை. வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.