சுண்ணாம்பு கேட்ட பேய் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி நூலகத்திலிருந்து ‘கூஸ்பம்ப்ஸ்’ என்ற ஆங்கிலப் பேய்க்கதைப் புத்தகங்களாகவே எடுத்து வருகிறாள். ராத்திரி விளக்கை அணைக்க விடுவதில்லை. பாத்ரூமுக்கு அம்மா துணைக்குப் போக வேண்டும். பயப்படாமல் இருக்கட்டும் என்று கடைசிப் பக்கத்தை நானே முதலில் வாசித்துக் காட்டி, ‘பார், ஒன்றுமில்லை, எல்லாம் கற்பனை’ என்று சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் பேய்க்கதை தேவையா? நீதி சொல்லும் கதைகள் நம்மிடம் இல்லையா? பேய்க்கதைதான் வேண்டும் என்றால், பத்துப் பன்னிரண்டு வயதுக்கு ஏற்றதாகத் தமிழில் ஒரு பட்டியல் தர முடியுமா?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிப் பக்கத்தை முதலில் வாசித்துக் காட்டுகிறீர்களா? என்னிடம் யாராவது அப்படிச் செய்திருந்தால் ஒரு மாதம் பேசியிருக்க மாட்டேன். உங்கள் மகள் நல்லவள்.

விளக்கு எரியட்டும். பாத்ரூம் துணை இன்னும் ஒரு வருஷம்தான், அப்புறம் நீங்களே கூப்பிட்டாலும் வர மாட்டாள். நீதிக்கதை பாடப்புத்தகத்தில் வேண்டிய மட்டும் இருக்கிறது. கூஸ்பம்ப்ஸ் வரிசை 1992-ல் தொடங்கியது. அன்று அதைப் போர்வைக்குள் படித்தவர்கள் இன்று தம் பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. போன மாதம் ஊரில் பழைய வீட்டைக் காலி செய்தபோது ஆச்சியின் பாக்குவெட்டி கிடைத்தது. இப்போது என் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பேய் ஞாபகம்தான்.

நாகர்கோவில் பக்கம் எங்கள் ஊர். ஆச்சிக்குத் தெரிந்த பேய் ஒன்றுதான். ராத்திரி தனியாக வருகிறவனை மறித்து பனைமரத்தடியில் ஒருத்தி நிற்பாள். தலை நிறையப் பூ. ‘கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கா?’ என்பாள். விரலில் எடுத்து நீட்டினால் விரலோடு ஆளும் போச்சு. கத்தி முனையில் வைத்து நீட்ட வேண்டும். இரும்பை அவள் தொட மாட்டாள். அழுதுகொண்டே பனையேறிப் போய்விடுவாள். ‘அதெல்லாம் பொய்’ என்று ஆச்சி ஒருநாளும் சொன்னதில்லை. கத்தி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்றுகூடச் சொல்லித் தந்திருக்கிறாள். பிடி நம் கையில், முனை அவள் பக்கம்.

நம் சிறுவர் கதை எழுதுகிறவர்கள் மேல் எனக்குள்ள கோபம் இதுதான். பாழடைந்த பங்களா, வெள்ளை உருவம், சலங்கைச் சத்தம் எல்லாம் வரும். கடைசிப் பத்தியில் பார்த்தால் கள்ளநோட்டுக் கும்பல்! இன்ஸ்பெக்டர் வந்து பையனின் முதுகில் தட்டிக்கொடுப்பார். பேய் பார்க்க வந்தவன் கையில் கள்ளநோட்டைக் கொடுத்து அனுப்புகிற வேலை இது. பத்து வயதில் அப்படி ஒரு கதையை முடித்துவிட்டு புத்தகத்தைப் பரணில் எறிந்தேன். பேய் உண்டா இல்லையா என்பது பெரியவர்களின் சண்டை. பன்னிரண்டு வயதுக்காரிக்குத் தெரிய வேண்டியது, வந்தால் என்ன செய்வது என்பதுதான். அதைச் சொல்லாமல் ‘ஒன்றுமில்லை’ என்கிறீர்கள். கிணற்றடியில் தனியாக நிற்கும்போது ‘ஒன்றுமில்லை’ என்பது எதற்கு உதவும்? அதை வைத்து யாரைக் குத்துவது?

1954 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கோர்பல்ஸ் என்ற ஏழைக் குடியிருப்பில் ஒரு கூத்து நடந்தது. ஏழடி உயரம், இரும்புப் பல், இரண்டு சிறுவர்களைத் தின்றுவிட்ட ரத்தக்காட்டேரி என்று பள்ளிகளில் பேச்சு. சாயங்காலம் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டார்கள். சின்னது நாலு வயசு, பெரியது பதினாலு. கையில் கத்தி, கூராகச் சீவிய குச்சி. பின்னால் இருந்த இரும்பு ஆலையின் நெருப்பில் புகையெல்லாம் சிவப்பு. எந்தப் பிள்ளையும் காணாமல் போயிருக்கவில்லை. பெரியவர்கள் அமெரிக்கத் திகில் காமிக்ஸைக் குற்றம் சொன்னார்கள். மறு வருஷமே பிரிட்டனில் அவற்றை விற்கத் தடைச் சட்டம் வந்தது. இரும்புப் பல் காட்டேரி உள்ள காமிக்ஸைத்தான் அப்போது யாராலும் காட்ட முடியவில்லை. இரும்புப் பல் மிருகம் பைபிளில் இருக்கிறது, தானியேல் ஏழாம் அதிகாரத்தில். அதைத் தடை செய்வார்களா!

எனக்குப் பிடித்தது அந்தக் குச்சிகள்தான். பயந்த பிள்ளைகள் கட்டிலுக்கடியில் ஒளியவில்லை, குச்சி சீவியிருக்கிறார்கள்.

பட்டியல் கேட்டிருந்தீர்கள். அப்புறம் அனுப்புகிறேன். அதற்குள் உங்கள் அம்மாவோ அத்தையோ இருந்தால், அவர்கள் ஊர்ப் பேய் எது என்று மகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்காதீர்கள்.

ஒருநாள் கதை முடிந்த கையோடு ஆச்சி சொன்னாள், “மக்ளே, உள்ளே சுண்ணாம்பு டப்பா இருக்கு, எடுத்துட்டு வா.” கரண்ட் இல்லை. அவள் பக்கத்தில் கிடந்த பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். திரும்பி வந்தால் திண்ணை இருட்டிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டது. டப்பாவைத் திறந்து, பாக்குவெட்டி முனையில் சுண்ணாம்பைத் தொட்டு நீட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு விரல் வந்து அதை வழித்தது. இரும்பில் பட்டது. அதைப் பார்த்த பிறகுதான் ஆச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.