எல்லாரிடமும் பேனா கேட்டவன்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் உங்களோடு படித்தவர்களில் எல்லாரோடும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும் ஆள் யார்? அவரைப் பற்றிச் சொல்லுங்களேன்.

பெயர் வேண்டாம். போட்டால் கோபித்துக்கொள்ள மாட்டான், இந்தப் பதிலை இன்னும் நாற்பது பேருக்கு அனுப்பிவைப்பான், அதுதான் பயம். வகுப்பில் நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் நோட்டீஸ் போர்டு.

முதல் நாள் நான் கதவோரக் கடைசி பெஞ்சில், யாரும் பேசிவிடக் கூடாதே என்று மொபைலை நோண்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து "பேனா இருக்கா?" என்றான். கொடுத்தேன். வகுப்பு முடிந்து எழுந்தபோதுதான் பார்த்தேன், அவன் சட்டைப் பையிலேயே இரண்டு பேனா! பல மாதம் கழித்துக் கேட்டதற்கு, "பேனா கேட்டா யாருடா இல்லைன்னு சொல்வாங்க? அப்புறம் திருப்பிக் கொடுக்கிற சாக்குல இன்னொரு தடவை பேசலாம்ல" என்றான். (என் பேனா இன்னும் வரவில்லை.)

துறையிலிருந்து நூலகம் ஐந்து நிமிட நடை, அவனோடு போனால் முக்கால் மணி நேரம். காவலாளி, ஜெராக்ஸ் எடுப்பவர், எந்தத் துறை என்றே தெரியாத சீனியர் என்று யாரைப் பார்த்தாலும் நிற்பான், அதுவும் சும்மா நலம் விசாரிக்க இல்லை, போன வாரம் பேச்சை விட்ட இடத்திலிருந்து பிடிப்பான். ஆய்வகத்தைத் திறந்து பூட்டும் அண்ணனிடம் ஒருநாள் "அம்மாவுக்குக் கண் கட்டு பிரிச்சாச்சாண்ணே?" என்று கேட்டான். பூட்டப் போனவர் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். அவருக்கு ஓர் அம்மா இருப்பதே எங்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும்.

குறையே இல்லையா என்றால், ரகசியம் மட்டும் அவனிடம் சொல்லக் கூடாது. கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, பேச்சு சுவாரசியத்தில் வாயிலிருந்து நழுவிவிடும்.

நாங்கள் படித்தது புள்ளியியல். ஒரு செய்முறை வகுப்பில், நெருங்கிய நண்பர்கள் ஐந்து பேரை எழுதச் சொல்லித் தாள் கொடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்ட தாள்களில் அவன் பெயர். அவனுடைய தாளில் ஐந்து கோடும் போதாமல் பின்பக்கம் வரை பதினேழு பேர், அதில் நான் பதினொன்றாவது. எனக்குக் கோபம்தான், மறைப்பானேன். சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்ட் 1991-இல் எழுதிய ஒரு கட்டுரையை ஆசிரியர் அன்று சொன்னார். பெரும்பாலானவர்களுக்கு, தங்கள் நண்பர்களுக்கு இருக்கும் சராசரியைவிட நண்பர்கள் குறைவாகவே இருப்பார்களாம். காரணம் எளிது: நிறைய நண்பர்கள் உள்ள ஒருவன் நிறைய பேரின் பட்டியலில் இடம்பிடித்து, எல்லாருடைய சராசரியையும் ஏற்றிவிடுகிறான். மொத்த வகுப்பும் திரும்பி அவனைப் பார்த்தது. "நான் என்ன பண்ணேன்?" என்றான்.

ஒருமுறை அவனுக்குக் காய்ச்சல், நான்கு நாள் வகுப்புக்கு வரவில்லை. இத்தனை பேர் இருக்கிறார்களே, யாராவது கூட இருப்பார்கள் என்று எல்லாரும் நினைத்துவிட்டோம். குறிப்புகளைக் கொடுக்கலாம் என்று சாயங்காலம் விடுதிக்குப் போனால், அறையில் அவன் தனியாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "வாடா" என்றான், அவ்வளவுதான். எனக்கும் பேச வராது, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அரைமணி நேரம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை. அப்புறம் எங்கள் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். அவ்வளவுதான், போர்வையை உதறி எழுந்து உட்கார்ந்து, ஒன்றரை வருடமாக ஒரே அறையில் பாடம் கேட்கும் என்னை அவர்களுக்கு முறைப்படி அறிமுகம் செய்துவைக்க ஆரம்பித்தான்.