பேஸும் டிரம்ஸும் சேர்ந்தால் ஏன் கால் தானாகத் தாளம் போடுகிறது?

கிக் டிரம்மும் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) பேஸ் கிதாரும் ஒன்றாக விழுவது பாதி விஷயம்தான். நாலு எண்ணிக்கையில் 1, 3-ல் கிக், 2, 4-ல் ஸ்னேர் (குச்சியால் அடிக்கும், கூர்மையாகக் கேட்கும் டிரம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். கிக்கோடு பேஸ் ஸ்வரம் விழும்போது அந்த அடிக்கு ஒரு சுருதி கிடைக்கிறது, அப்புறம் ஸ்னேர் வருவதற்குள் கம்பியை விரலால் அமுக்கி நிறுத்தினால் அந்தச் சின்ன மௌனத்தில் ஸ்னேர் பளிச்சென்று கேட்கும். இழுத்துக்கொண்டே போனால் கொழகொழ. பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கானமேளாக்களில் (மேடைப் பாட்டுக் கச்சேரிகளில்) வாசித்த முதல் வருஷம் நான் இதைத்தான் சொதப்பினேன், கிடைத்த இடத்திலெல்லாம் ஸ்வரத்தைத் திணித்து. கோயிலில் செண்டை மேளத்தைக் கேளுங்கள்: வலந்தலைக்காரர்கள் (செண்டையின் கனத்த ஒலி தரும் முகத்தை அடிப்பவர்கள்) இலத்தாளம் என்ற கைத்தாளத்தோடு தாளத்தை விடாமல் பிடித்திருப்பதால்தான் முன்வரிசைச் செண்டை அத்தனை துள்ளுகிறது. சரி, எல்லா ஸ்வரமும் கிக்கோடு விழ வேண்டுமா? வேண்டாம். 4-க்கும் அடுத்த 1-க்கும் நடுவில், அந்த அரை எண்ணிக்கையில் ஒன்றைத் தட்டிவிட்டுப் பாருங்கள், 1 எப்போது வரும் என்று உடம்பே காத்திருக்கும்.